கையால் திருத்த வேண்டாம்

ஒரு மென்பொருள் அணியில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு மூலநிரல் எங்கே இருக்கிறது, தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்று எல்லாரும் காட்டித் தருவார்கள். பைப்லைன் கோப்பை மட்டும் யாரும் காட்டுவதில்லை. நாம் எழுதிய நிரலை ரெப்போவுக்கு அனுப்பியதும் எங்கோ இருக்கும் ஒரு சேர்வர் அதை எடுத்து, கட்டி, சோதித்து, பச்சை அல்லது சிவப்பு என்று தீர்ப்புச் சொல்கிறது. அந்தச் சேர்வர் எதை, எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்று சொல்வது அந்தக் கோப்புத்தான். அது ஒழுங்காக ஓடும்வரை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. ஓடாத நாளில் முழு அணியும் கைவேலையை விட்டுவிட்டு அதற்கு முன்னால் குந்தியிருக்கும்.

வவுனியா வளாகத்தில் படித்து முடித்து 2010இல் கொழும்புக்குப் போன நாளிலிருந்து என் பிழைப்பு இந்தக் கோப்புகளோடுதான். அந்த வளாகம் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 2021 ஆகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். இப்போது பூவரசங்குளத்தில் இருந்துகொண்டே வெளிநாட்டு அணி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். இந்தக் காலத்துக்குள் கோப்பின் வடிவம் பலமுறை மாறிவிட்டது. மாறாமல் இருப்பது ஒன்று: ஒரே விஷயத்தைப் பத்து இடத்தில் எழுதி வைத்தால், ஒன்பது இடத்தில் திருத்திவிட்டுப் பத்தாவதை மறந்துவிடுகிறோம். அதனால்தான் கோப்பைக் கையால் எழுதுவதை விட்டு, கோப்பை எழுதும் நிரலை எழுதத் தொடங்கினோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, இப்படிக் கட்டிச் சோதிக்கும் சேர்வர் என்றால் ஹட்சன்தான் எங்கும் இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை செய்த கொசுகே கவாகுச்சி எழுதியது. 2010இல் ஓரக்கிள் சன்னை வாங்கியது. பெயர் யாருக்குச் சொந்தம் என்ற இழுபறி வந்தது. 2011 தொடக்கத்தில் அந்தச் சமூகம் ஜென்கின்ஸ் என்ற பெயரோடு பிரிந்து வந்தது. எங்களுக்கு அன்றாட வேலையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இணையப் பக்கத்தைத் திறந்து, பெட்டிகளில் சரி போட்டு, கட்டளைகளை ஒட்டி, சேமித்தால் ஒரு வேலை தயார். அடுத்த திட்டத்துக்கு அதையே நகல் எடுத்துப் பெயரை மாற்றுவோம். நகலின் நகலின் நகல் என்று போகும். ஒரு பெட்டியில் ஏன் சரி போட்டிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. கேட்டவருக்கும் அதை எடுத்துவிடத் துணிவு வராது.

நான் இருந்த ஒரு நிறுவனத்தில் அந்தச் சேர்வரின் வன்தட்டு ஒருநாள் செத்தது. மூலநிரல் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. வேலைகளின் அமைப்பு அந்தத் தட்டில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு திட்டத்தின் ஆட்களையும் கூப்பிட்டு, நினைவிலிருந்து சொல்லச் சொல்லி, பெட்டி பெட்டியாக மறுபடி நிரப்பினோம். எப்படிக் கட்டுவது என்ற அறிவும் மூலநிரலோடு சேர்ந்த சொத்துத்தான் என்று அந்த அணிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஜென்கின்ஸ் ஒவ்வொரு வேலையையும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்திருந்தது. அந்தக் கோப்பை வெளியிலிருந்து அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே திட்டங்களின் பட்டியலை ஒரு பைதான் ஸ்கிரிப்டிடம் கொடுத்து, எக்ஸ்எம்எல் வார்ப்பு ஒன்றில் பெயர்களை நிரப்பி அனுப்புவது என்று பலர் தொடங்கினார்கள். முதல் வாரம் சந்தோஷமாகப் போகும். பிறகு யாராவது இரண்டு கட்டளைகளை && போட்டு இணைப்பார். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறிக்கு வேறு பொருள் இருப்பதால் கோப்பே உடைந்து போகும். வார்ப்பில் சொற்களை ஒட்டுகிறவனுக்கு எது தரவு, எது இலக்கணம் என்று தெரியாது. இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் இது. இன்றைக்கும் புதிய ஆட்களுக்கு இதையே முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.

இதே வலி மற்றவர்களுக்கும் இருந்தது. நெட்ஃபிளிக்ஸில் 'ஜொப் டிஎஸ்எல்' என்ற செருகுநிரல் பிறந்தது. குரூவி மொழியில் சில வரிகள் எழுதினால் அது வேலைகளை உண்டாக்கும். அப்படி மற்ற வேலைகளைப் பெற்றெடுக்கும் வேலையை 'சீட் ஜொப்' என்று கூப்பிடுவோம். ஓபன்ஸ்டாக் ஆட்கள் 'ஜென்கின்ஸ் ஜொப் பில்டர்' என்று இன்னொன்று செய்தார்கள். அதில் யமல் என்ற அமைப்பு மொழியில் எழுதினால் எக்ஸ்எம்எல் வரும். ஆக, நிரலால் பைப்லைன் எழுதுவது புதுமோகம் ஒன்றும் இல்லை. பழைய காலத்துத் தேவை.

பிறகு யமல் காலம் வந்தது. 2011இல் பெர்லினில் தொடங்கிய ட்ராவிஸ் சிஐ, ரெப்போவின் தலைவாசலிலேயே ஒரு சிறிய யமல் கோப்பை வை, மற்றதை நான் பார்க்கிறேன் என்றது. கிட்லாப் 2015இல் பைப்லைன் கோப்பை ரெப்போவுக்குள் கொண்டுவந்தது. அது ஒரு பெரிய விடுதலை. யார் மாற்றினார், எப்போது, ஏன் என்பது எல்லாம் கொமிட் வரலாற்றில் வந்துவிட்டது. வன்தட்டுச் செத்தால் அழத் தேவையில்லை. கிட்ஹப் அக்ஷன்ஸ் 2018இல் முதலில் வந்தபோது எச்சிஎல் என்ற வேறொரு மொழியில்தான் வந்தது. ஒரு வருடத்துக்குள் அதைக் கைவிட்டு யமலுக்கு வந்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் யமல் இந்தத் துறையின் பொதுமொழியாகிவிட்டது.

ஆனால் யமல் சாதுவாகத் தெரியும் மொழி. உள்ளே பள்ளம் நிறைய. பைதான் 3.10 வந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். 2021 ஒக்டோபரில் அது வெளிவந்ததும் உலகம் முழுவதும் பைப்லைன் கோப்புகளில் பதிப்புப் பட்டியலின் கடைசியில் 3.10 என்று சேர்த்தார்கள். மேற்கோள் குறி போடாத இடத்தில் யமல் அதைத் தசம எண்ணாக எடுத்தது. 3.10 என்ற எண் 3.1 தானே? தன்னிடம் இல்லாத பதிப்பைத் தேடிச் சேர்வர் தடுமாறியது. நாட்டுக் குறியீடுகளின் பட்டியலில் நோர்வேயின் 'என்ஓ' இருந்தால் பழைய யமல் அதை 'இல்லை' என்று வாசித்து 'பொய்' என்ற பெறுமானமாக மாற்றிவிடும். 22:22 என்று போர்ட் எண்களை எழுதினால் அறுபதின் அடிமானத்தில் கணக்குப் பார்த்து 1342 ஆக்கும். கடைசி இரண்டும் யமல் 1.1இன் விதிகள். 2009இல் 1.2 வந்து இவற்றைத் திருத்தியும், பல நூலகங்கள் பழைய விதியிலேயே நின்றுவிட்டன.

கிட்ஹப் கோப்பில் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் சாவியின் பெயர் 'ஆன்'. பைதானின் பைவையமல் நூலகத்தால் ஒரு கோப்பை வாசித்து அப்படியே திரும்ப எழுதினால் அந்தச் சாவி 'உண்மை' என்ற பெறுமானமாக மாறி வெளியே வரும். நிரலால் கோப்பு எழுத வருகிற ஏறக்குறைய எல்லாரும் இந்தக் கல்லில் கால் இடறியிருப்பார்கள். சரியான வழி, இருக்கும் கோப்பை வாசித்துத் திருத்தாமல், வேண்டியதை நிரலுக்குள்ளேயே பட்டியலும் அகராதியுமாகக் கட்டி, கடைசியில் ஒருமுறை மட்டும் நூலகத்திடம் எழுதக் கொடுப்பது. அப்போது எங்கே மேற்கோள் குறி வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். யமல் 1.2இன்படி எந்த ஜேசன் கோப்பும் யமல் கோப்புத்தான் என்பதால், சிலர் ஜேசனாகவே எழுதி யமல் பெயரில் வைத்துவிடுகிறார்கள். பார்க்க வடிவில்லை, ஆனால் பிழைக்க இடம் குறைவு. கூகிளில் பிறந்த ஜேசனெற் மொழியில் எழுதுகிறவர்களும் இந்த வழியில்தான் போகிறார்கள்.

வார்ப்பில் சொல்லை ஒட்டும் வழி அறவே தவறு என்று சொல்ல மாட்டேன். பைடோர்ச் திட்டம் ஜிஞ்சா வார்ப்புகளிலிருந்துதான் தன் பெரிய பைப்லைன் கோப்புகளை உண்டாக்கி வந்திருக்கிறது. அவர்களிடம் அதைப் பராமரிக்க ஆள்பலம் இருக்கிறது. சிறிய அணியில், இடைவெளி ஒன்று பிசகினால் பொருளே மாறிவிடும் மொழியை, இடைவெளியைப் பற்றி ஒன்றும் தெரியாத வார்ப்புக் கருவியால் எழுதுவது வீண் துன்பம்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் இந்த வேலையின் இன்னொரு பெறுமதி எனக்கு முழுதாக விளங்கியது. 2022ஐ இலங்கையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. மின்சாரம் போய்க் கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலமும் இறங்கும். பிறகு இணையமும் இல்லை. பைப்லைன் கோப்பைக் கையால் எழுதுகிறவர் வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு வரியை மாற்றி அனுப்புவார். சிவப்பு வரும். இன்னொரு வரி. மறுபடி சிவப்பு. கொமிட் வரலாறு முழுவதும் 'திரும்பவும் முயற்சி' என்று நிரம்பும். ஒவ்வொரு சுற்றுக்கும் இணையம் வேண்டும், காத்திருக்க வேண்டும். பூவரசங்குளத்தில் அந்த நாட்களில் அப்படி வேலை செய்ய ஏலாது.

கோப்பை நிரல் எழுதினால், எழுதியதை நிரலாலேயே சோதிக்கலாம். மடிக்கணினியின் மின்கலம் மட்டும் போதும். எங்கள் அணியில் அந்தச் சோதனைகள் வெறும் பைதான் டெஸ்டுகள்தான். வெளியீடு செய்யும் எந்த வேலையும் சோதனை வேலையில் தங்கியிருக்கிறதா? வெளியாட்கள் அனுப்பும் மாற்றங்களுக்காக ஓடும் வேலை எதற்காவது இரகசியச் சாவி போகிறதா? ஒவ்வொரு வேலைக்கும் நேரவரம்பு இருக்கிறதா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். கிட்ஹப்பில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தொங்கி நிற்கும் ஒரு வேலை ஆறு மணித்தியாலம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். தனிப்பட்ட ரெப்போக்களுக்கு இலவசத் திட்டத்தில் மாதம் 2,000 நிமிடம்தான் தருகிறார்கள். மக் இயந்திரத்தில் ஓடும் ஒரு நிமிடத்தைப் பத்தாகக் கணக்கிட்டு வந்தார்கள். மக்கில் ஒரே ஒரு வேலை தொங்கி நின்றால் மாதக் கணக்கே முடிந்துவிடும். கையால் எழுதிய முப்பது கோப்புகளில் நேரவரம்பு இல்லாத வேலை எது என்று கண்ணால் தேடுவதைவிட, நேரவரம்பு இல்லாமல் எழுதவே மறுக்கும் நிரல் ஒன்று இருப்பது எவ்வளவோ நிம்மதி.

இங்கே பலர் ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். நிரலால் எழுதினால் வரிகள் குறையும் என்று நினைக்கிறார்கள். குறையலாம், குறையாமலும் போகலாம். ஹஸ்கல் மொழிக்காரரின் 'ஹஸ்கல் சிஐ' கருவி, பொதியின் விவரக் கோப்பில் எந்தெந்தக் கொம்பைலர்களில் சோதித்தது என்று இருப்பதை வாசித்து நீண்ட பைப்லைன் கோப்பு ஒன்றை எழுதிக் கொடுக்கிறது. ஒரு உண்மையை ஒரே இடத்தில் வைப்பதுதான் அதன் பயன். டீனோ திட்டம் தன் பைப்லைனை டைப்ஸ்கிரிப்டில் எழுதி யமல் ஆக்குகிறது. ரஸ்ட் திட்டக்காரர், ஒருமுறை எழுதியதை மறுபடி சுட்டும் யமல் அன்கர்களைக் கிட்ஹப் ஏற்காத காலத்தில், அன்கர் போட்டு எழுதிய கோப்பை விரித்துக் கொடுக்கச் சிறு கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். பெரிய திட்டங்கள் இந்த வழிக்கு வந்ததற்கு அவரவரிடம் காரணம் இருந்தது.

எழுதப்பட்ட கோப்பை ரெப்போவில் வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று ஒவ்வொரு அணியிலும் ஒரு வாக்குவாதம் வரும். என் பதில் உறுதியானது: வைக்க வேண்டும். நிரலில் ஒரு வரி மாறினால் விளைவில் என்ன மாறுகிறது என்பதை மீளாய்வு செய்கிறவர் கண்ணால் பார்க்க வேண்டும். சாதுவான ஒரு மாற்றம் இருபது வேலைகளைத் தொட்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். கோப்பின் தலையில் 'இது நிரலால் எழுதப்பட்டது, கையால் திருத்த வேண்டாம்' என்று ஒரு குறிப்பும், எந்தக் கட்டளையால் திரும்ப எழுதுவது என்றும் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பில் திகதியும் நேரமும் போடவே கூடாது. போட்டால் ஒவ்வொரு முறையும் கோப்பு வேறாகத் தெரியும்.

குறிப்பு மட்டும் போதாது. அவசரத்தில் ஆட்கள் கையால் திருத்தத்தான் செய்வார்கள். இரவு பதினொரு மணிக்கு வெளியீடு நின்றுபோனால் யார்தான் குறிப்பைப் பார்ப்பார்? ஆகவே பைப்லைனிலேயே ஒரு சோதனை வேண்டும்: நிரலைத் திரும்ப ஓட்டி, வரும் கோப்பும் ரெப்போவில் உள்ள கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பார்ப்பது. ஸ்காலா மொழிக்காரரின் எஸ்பிடி கட்டும் கருவிக்கான செருகுநிரல் ஒன்று இதற்கென்றே தனிக் கட்டளை வைத்திருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தச் சோதனையும் எழுதப்பட்ட கோப்புக்குள்ளேயே இருந்தால், கையால் திருத்துகிறவர் அதையும் சேர்த்து அழித்துவிடலாம். நாங்கள் அதை மட்டும் கையால் எழுதிய தனிச் சிறு கோப்பில் வைத்திருக்கிறோம்.

சாவிகளின் ஒழுங்கும் முக்கியம். பைவையமல் சொல்லாவிட்டால் சாவிகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கும். பெயர் நடுவில் போய், படிகள் கடைசியில் வந்து, வாசிக்கிறவர் திணறுவார். அந்த வரிசைப்படுத்தலை நிறுத்திவிட்டு, மனிதர் எழுதும் ஒழுங்கில் எழுத வைக்க வேண்டும்.

2020 கடைசியில் ட்ராவிஸ் தன் இலவசச் சேவையைச் சுருக்கியது. 2021 ஜூனில் திறமூலத் திட்டங்களுக்கான பழைய தளத்தையே மூடியது. எத்தனையோ திட்டங்கள் கிட்ஹப் அக்ஷன்ஸுக்கு இடம்பெயர்ந்தன. நிரலால் எழுதியவர்களுக்கு இது சுகமாக இருந்திருக்கும் என்று சொல்வார்கள். அரைவாசிதான் உண்மை. எந்தப் பதிப்புகளில், எந்த இயங்குதளங்களில், எந்த ஒழுங்கில் சோதிப்பது என்ற பட்டியல் அப்படியே கைகொடுத்தது. ஆனால் ட்ராவிஸின் கட்டங்களும் கிட்ஹப்பின் வேலைகளும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவதில்லை. தற்காலிகச் சேமிப்பு, இரகசியச் சாவிகள் எல்லாம் வேறு மாதிரி. எந்தச் சேவைக்கும் பொருந்தும் ஒரே நிரல் என்று கட்டப்போனவர்கள் இரண்டின் குறைகளையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

2025 மார்ச்சில் நடந்தது வேறு வகை. கிட்ஹப்பில் பலரும் பாவித்த 'டிஜே அக்ஷன்ஸ்' என்ற குழுவின் ஒரு கருவிக்குள் யாரோ புகுந்து, பழைய பதிப்புப் பெயர்களையெல்லாம் நஞ்சு கலந்த கொமிட் ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ரெப்போக்கள் அந்தக் கருவியைப் பாவித்துக்கொண்டிருந்தன. பைப்லைனின் இரகசியங்கள் பதிவேட்டில் கொட்டின. பதிப்புப் பெயரை நம்பாமல், நாற்பது எழுத்துக் கொமிட் அடையாளத்தைப் போட்டு, ஏற்கெனவே நல்லதென்று தெரிந்த கொமிட்டில் நின்றவர்கள் தப்பினார்கள். நாற்பது எழுத்தைக் கையால் முப்பது கோப்பில் எழுதுவதும் மாதாமாதம் புதுப்பிப்பதும் ஒருவருக்கும் பிடிக்காத வேலை. எழுதும் நிரலில் அது ஒரு சிறிய அட்டவணை: கருவியின் பெயர், பதிப்பு, அடையாளம். அன்றைக்கு எங்கள் அணியில் அந்த அட்டவணையைத் திறந்து பார்த்ததுமே எந்தெந்த வெளிக்கருவிகளை நம்பியிருக்கிறோம் என்ற கேள்விக்கு முழுப்பதில் கிடைத்தது.

இனி, இந்த வழி கெடுக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். இன்னொரு நிறுவனத்தில் மூத்த பொறியியலாளர் ஒருவர், மிகக் கெட்டிக்காரர், பைப்லைன்களை எழுத ஒரு முழு மொழியையே கட்டியிருந்தார். வகுப்புக்குள் வகுப்பு, அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. அவர் இருக்கும்வரை எல்லாம் ஓடியது. அவர் கனடாவுக்குப் போன பிறகு அதைத் தொட ஒருவரும் இல்லை. துருசின் திறப்பு ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அவர் ஊரில் இல்லாத நாளில் வயலுக்குத் தண்ணீர் வராது. கடைசியில் அந்த அணி, எழுதப்பட்ட யமல் கோப்புகளையே மூலமாக எடுத்துக்கொண்டு நிரலை எறிந்துவிட்டது. கோப்புகள் ரெப்போவில் இருந்தபடியால்தான் அதாவது முடிந்தது.

அதனால் எழுதும் நிரல் மந்தமானதாக இருக்க வேண்டும் என்பேன். சாதாரண சார்புகள், ஒரு பட்டியல், ஒரு சுற்று. அணி எந்த மொழியில் வேலை செய்கிறதோ அந்த மொழியிலேயே இருக்கட்டும். டால், கியூ போன்ற அமைப்பு மொழிகள் அழகானவை. அணியில் இரண்டுபேருக்காவது தெரியாவிட்டால் கொண்டுவர வேண்டாம். இரண்டு மூன்று ரெப்போ மட்டும் வைத்திருப்பவருக்கு இது ஒன்றுமே தேவையில்லை. கையால் எழுதி நகல் எடுங்கள். கிட்ஹப் 2021 கடைசியில் தந்த மீள்பயன் வேர்க்ஃப்ளோக்களும் கிட்லாப்பின் இன்குளூட் வசதியும் நடுத்தர அணிகளுக்குப் போதும். இலங்கையில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பலரீனா மொழிக்குப் பல நூலக ரெப்போக்கள் உண்டு. அவை பொது ரெப்போ ஒன்றில் உள்ள வார்ப்பு வேர்க்ஃப்ளோக்களைக் கூப்பிட்டுப் பாவிக்கின்றன. ரெப்போ ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய கோப்பே இருந்தால் போதும். பார்த்துப் படிக்க நல்ல மாதிரி.

ஓடும் நேரத்திலேயே பைப்லைனை உண்டாக்குவதும் உண்டு. கிட்லாப் 2020 மார்ச்சில் 12.9 பதிப்பில் இதைத் தந்தது: முதல் வேலை ஒரு யமலை எழுதும், அடுத்தது அதைப் பிள்ளைப் பைப்லைனாக ஓட்டும். பில்ட்கைட் இந்த எண்ணத்தின் மேலேயே தன்னைக் கட்டியிருக்கிறது. எந்த அடைவுகள் மாறின என்பது கொமிட் வரும்வரை தெரியாத பெரிய ஒற்றை ரெப்போக்களுக்கு இது வேண்டும். மற்றவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. நேற்று ஏன் இந்தச் சோதனை ஓடவில்லை என்று யாராவது கேட்டால், நேற்று எழுதப்பட்ட கோப்பு எங்கே என்று தேட வேண்டிவரும். அதைச் சேமித்து வைக்காத அணியால் பதில் சொல்ல முடியாது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் சிலர் சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணை, ஒரு யமல் ஃபைலை மாத்திறதுக்கு ஏன் ஒரு புரோகிராம்? நேரா மாத்தினா என்ன?"

"ஒண்டெண்டா நேராவே மாத்து தம்பி," என்றேன். "முப்பதெண்டா, எல்லாத்தையும் மாத்தினனீ எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் குழுத் திட்டத்தின் ரெப்போவைத் திறந்தான். ஐந்து சேவைகள், ஐந்து பைப்லைன் கோப்புகள், அவற்றில் இரண்டில் பைதான் பதிப்பு வேறு. அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

இதை வாசிக்கிற தம்பி தங்கைமாரும் உங்கள் ரெப்போக்களைத் திறந்து பாருங்கள். பதிப்பு எண்கள் மேற்கோள் குறிக்குள் இருக்கின்றனவா, ஒவ்வொரு வேலைக்கும் நேரவரம்பு இருக்கிறதா, வெளிக்கருவிகள் கொமிட் அடையாளத்தால் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அதை ஒவ்வொரு கோப்பாகக் கண்ணால் பார்க்க அலுப்பாக இருந்தால், உங்களுக்கு நிரல் ஒன்று எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதலில் அந்த மூன்றையும் சோதிக்கும் நிரலை எழுதுங்கள். கோப்பை எழுதும் நிரலை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.